ராஜாம்பாளுக்கு முறையான மரணம் வேண்டி

உப்பளம், புதுச்சேரி.
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து.

என் துஆவில் எப்போதும் இருக்கும் மருமகன் ஸாகிபுக்கு, மாமா உசேன் ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் மாமி ஜஹபர் நிஷாவும் இறைவன் அருளால் உடம்பளவில் நலம். மனதளவில் எப்படி என்பதைக் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன். நீ சென்னையில் வேளைக்குச் சாப்பிட்டு, தொழுகையை விடாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் "சரி மாமா, சரி மாமா" என்று வைத்துவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலைக் காட்டுகிறாய். அரசாங்க அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவனுக்குக் கட்டைவிரல் ஒரு பதிலாகாது. அதனால் எழுத்தில் தருகிறேன்.

கடந்த செவ்வாய்க்கிழமை உங்கள் தொடரின் படப்பிடிப்பு இங்கே ஒரு மணி நேரம் நின்றுபோனதாகவும், அதற்கு எடிட்டிங்கில் வேலை செய்யும் ஸாகிபின் மாமாதான் காரணம் என்று டைரக்டர் உன்னைக் கூப்பிட்டுத் திட்டியதாகவும் உன் உம்மா போனில் அழுதாள். நின்றது உண்மை. ஆனால் ஏன் நின்றது என்று யாரும் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். நடந்ததை நடந்தபடி எழுதி, முடிவில் ஒரு கோரிக்கையும் வைக்கிறேன். இதை உன் டைரக்டர் கையிலேயே கொடு. அந்தக் கோரிக்கை நிறைவேறும்வரை நான் ஓயப்போவதில்லை.

உங்கள் தொடரில் ஒன்பது வருடமாக ராஜாம்பாளாக நடித்துவந்த பூவிழி அம்மா காலமான அன்று, உன் மாமி காலையில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். கீழ்வீட்டுக் கமலவேணி, துணிக்கடையில் வேலை பார்ப்பவள், படியேறி ஓடிவந்து, "நிஷாக்கா, நம்ம ராஜாம்பா போயிட்டாங்களாம்க்கா!" என்று கத்தினாள். நான் பதறிப்போய், "எந்த ராஜாம்பாள்மா, உன் சித்தியா?" என்றேன். "என்ன பாய் இப்படிக் கேக்கறீங்க? ஏழரை மணி ராஜாம்பா!" என்றாள். உன் மாமி கையைக் கழுவிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நெத்திலியைப் பூனை தின்றது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், விரட்டவில்லை. கடைசியில் உன் மாமி, "அப்ப அந்த வீட்டுக் கொத்துச்சாவி இனிமே யாருகிட்டப் போவும்?" என்று கேட்டாள். பிறகு, "எங்க மாமியாரு போனப்பகூட எனக்கு இப்பிடி நெஞ்ச அடைக்கல" என்றாள். அவளுடைய மாமியார் என்றால் என்னைப் பெற்ற உம்மா. துக்க நேரம் என்பதால் அதை மனதில் குறித்து மட்டும் வைத்துக்கொண்டேன்.

கமலவேணி தன் வீட்டில் விளக்கேற்ற வேண்டும் என்றாள். படம் வேண்டுமே? போனில் தேடினால், வருகிற படமெல்லாம் ராஜாம்பாள் யாரையாவது அறைகிற படம். ஒன்றில் மட்டும் கையை ஓங்கியிருந்தாள், இன்னும் அடிக்கவில்லை. பார்ப்பதற்கு ஆசீர்வாதம் செய்வது போலவே இருந்ததால் அதை எடுத்து, போனை அரிசி டின்மேல் சாய்த்து, கனகாம்பரம் சுற்றி, முன்னால் விளக்கு வைத்தோம். ஆனால் அந்தப் போன் அரை நிமிடத்துக்கு ஒருமுறை அணைந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்து விரலால் தட்டிக்கொண்டே இருக்க ஒரு ஆள் வேண்டும். அந்த வேலை எனக்கு. தெருப்பெண்கள் வந்து கும்பிடும்போதெல்லாம் நான் தட்டினேன். நடுவில் போன் அடித்தது. கமலவேணி அழுதுகொண்டே எடுத்து, "வீட்ல சாவுங்க, அப்புறம் பேசுங்க" என்றாள். "அவசரத் தேவைக்கு எங்ககிட்ட பர்சனல் லோன் இருக்கு மேடம்" என்றது ஒரு பெண் குரல். 

சரி, ஒருவர் போய்விட்டார், அழுதோம், தேறிவிடுவோம் என்று நினைத்தேன். உங்கள் தொலைக்காட்சி தேறவிடவில்லை. அன்று மாலையே ஏழரைக்கு, மாலை போட்ட படத்தை ஒரு நிமிடம் காட்டிவிட்டு, உடனே ராஜாம்பாளை உயிரோடு அனுப்பினார்கள். முன்பே எடுத்து வைத்த காட்சிகளாம். "என்னைக் குழியில வெச்சாலும் இந்தச் சாவியை உன் கையில தரமாட்டேன்டி!" என்று மருமகளைப் பார்த்துக் கத்துகிறாள். உன் மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "பாவம், தெரியாமப் பேசுறா" என்றாள். இப்படியே பத்துப் பன்னிரண்டு நாள். செத்தவள் தினமும் வந்து காய்கறி நறுக்குகிறாள், டாக்டரிடம் போகிறாள், பிரஷர் நார்மல் என்று டாக்டர் சொல்கிறார். எங்கள் வீட்டில் ஏழரை மணிக்கு அழுவதா பார்ப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார்கள்.

அதன் பிறகு ஒரு நாள், ராஜாம்பாள் முதுகைக் காட்டிக்கொண்டு சாமி கும்பிடுகிறாள், திரும்புகிறாள், வேறு ஒரு பெண்! கீழே ஒரு வரி ஓடுகிறது: இவருக்குப் பதில் இவர். அந்த வரியை ஒட்டியது நீதானே ஸாகிப்? உண்மையைச் சொல். பெற்ற தாயின் முகம் அடியோடு மாறியிருக்கிறது, அவள் பிள்ளை மாடியிலிருந்து இறங்கி வருகிறான், ஒரு வார்த்தை கேட்டானா? "அம்மா, காபி" என்கிறான்! எங்கள் அலுவலகத்தில் கடைநிலை ஊழியர் ஒருவர் இறந்தாலும் இரங்கல் கூட்டம் போட்டு, இரண்டு நிமிடம் எழுந்து நின்று, அதற்குப் பிறகுதான் அந்த நாற்காலிக்கு ஆள் போடுவோம். உன் மாமி எழுந்து சுவிட்சை அணைத்து, ரிமோட்டைப் பழைய தலையணை உறைக்குள் போட்டுப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். "இனிமே இந்த வூட்ல ஏழரை கெடையாது" என்றாள்.

நீ இன்னும் கல்யாணமாகாதவன், உனக்கு இது புரியாது. நம் பெண் அனம் கல்யாணமாகித் துபாய் போனபின் இந்த வீட்டில் இரண்டே பேர். இத்தனை வருடம் வாழ்ந்தபின் புதிதாகப் பேச என்ன இருக்கிறது? நான் மருமகள் கட்சி, உன் மாமி ராஜாம்பாள் கட்சி. ஏழரைக்கு ஆரம்பித்தால் படுக்கும்வரை சண்டை போடலாம். சாப்பாட்டில் உப்பு அதிகம் என்றால்கூட, "ஒங்க மருமவளப் போட்டுத் தரச் சொல்லுங்க" என்பாள். டிவி அணைந்த நாளிலிருந்து "சோறு போடவா", "போதும்" என்ற இரண்டோடு சரி. காற்றாடிச் சத்தம் எனக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டது. 

இந்த நிலையில்தான் போன செவ்வாய்க்கிழமை கமலவேணி செய்தி கொண்டுவந்தாள். கடற்கரைக்குப் பக்கத்தில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பிரான்சிலேயே குடியேறிவிட்ட ஒரு சொல்தா குடும்பத்தின் பழைய மஞ்சள் வீட்டில், உங்கள் தொடரின் கல்யாணக் காட்சி எடுக்கிறார்கள் என்று. நீ எங்களுக்குச் சொல்லவில்லை, அதைப் பிறகு பேசிக்கொள்வோம். உன் மாமி புர்காவைப் போட்டுக்கொண்டு, "கௌம்புங்க" என்றாள். "எங்கே?" "அந்தப் பொம்பளைய நாலு வார்த்த கேக்கணும்." நான் தடுத்துப் பார்த்தேன். பல நாளைக்குப் பிறகு என்னோடு முழுசாக ஒரு வாக்கியம் பேசியிருக்கிறாளே என்று ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டேன். ஆட்டோவில் போகும் வழியெல்லாம் அந்த நாலு வார்த்தையையும் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். கமலவேணி ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தாள், அதைக் கடிதத்தில் எழுத முடியாது.

வாசலில் தொப்பி போட்ட ஒருவர், "கூட்டத்துல நிக்க வந்தவங்களா? ஏன் இவ்ளோ லேட்டு?" என்று அதட்டினார். நான் இல்லை என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் உன் மாமி, "ஆமாங்க, வண்டி கெடைக்கல" என்றாள். அவருக்கு ஒரே சந்தோஷம். "கல்யாணத்துல ஒரு பாய் குடும்பம் நின்னா நல்லாருக்கும்னு டைரக்டர் இப்பத்தான் சொன்னாரு, கரெக்டா வந்து நிக்கிறீங்களே!" என்று என் கையில் ஒரு பழத்தட்டைக் கொடுத்துவிட்டார். ஆப்பிள், ஆரஞ்சு எல்லாம் பிளாஸ்டிக். மணமேடைவரை சிரித்துக்கொண்டே நடக்க வேண்டுமாம். நடந்தேன். "பாய், ஆடிட்டுக்கு வந்தவர் மாதிரி பாக்காதீங்க, சிரிங்க!" என்று மைக்கில் சத்தம். மறுபடி நடந்தேன். அந்தச் சிரிப்போடு திரும்பிப் பார்த்தால் பெண்கள் இரண்டு பேரையும் காணோம். தட்டோடு தேடிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன்.

கொல்லையில் கிணற்றோரம், பிளாஸ்டிக் நாற்காலியில், ராஜாம்பாளின் அரக்குப் பட்டுப்புடவையும் இடுப்பில் கொத்துச்சாவியுமாக அந்தப் பெண் தனியாக உட்கார்ந்து தக்காளிச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மேக்கப்பில் படாமலிருக்கக் கழுத்தில் ஒரு துண்டு. உன் மாமி அவள் எதிரில் போய் நின்று, "நீதானா அந்தப் பதிலு?" என்றாள்.

அவள் டப்பாவை மூடிவிட்டு எழுந்து நின்றாள். "ஆமாம்மா. திட்ட வந்தீங்களா? உக்காந்துக்கினே திட்டுங்க, கால் வலிக்கும்" என்று தன் நாற்காலியைத் தள்ளிப் போட்டாள்.

உன் மாமிக்கு நாலு வார்த்தையும் மறந்துவிட்டது. கமலவேணியைப் பார்த்தாள், அவளுக்கு ஐந்தாவதும் வரவில்லை. "உன் பேரு இன்னா?" என்று மட்டும் கேட்டாள்.

"சின்னப்பாப்பாம்மா. திண்டிவனம் பக்கம். கம்பெனில சிந்துஜான்னு மாத்திட்டாங்க. எங்க போனாலும் திட்டுதான். பஸ்ல ஒரு அம்மா, அந்த மகராசி எடத்துல நீயான்னு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. நானும் அதத்தாம்மா நெனைக்கிறேன்."

"பூவிழி அம்மாவப் பாத்திருக்கியா நீ?"

"இந்தச் சீரியல்லதாம்மா ஆறு வருஷமா இருக்கேன். கல்யாணம், கோயிலு, சாவு, எல்லாத்துலயும் அக்காவுக்குப் பின்னாடி கூட்டத்துல நிப்பேன். டீ வந்துச்சுன்னா எனக்குப் பாதி ஊத்தாமக் குடிக்க மாட்டாங்க. அவங்க போன மறுநாளே போன் பண்ணி, ஒயரம் சரியா இருக்கு, ரவிக்கையப் பிரிச்சுத் தச்சாப் போதும், கௌம்பி வான்னாங்க. அக்காவ எடுக்கறப்பகூடப் போவ முடியல. அவங்க பொடவையக் கட்டிக்கினு நிக்கிறேன், இன்னும் அவங்க பவுடர் வாசன அடிக்குது. அழுவ வருதும்மா. ஆனா அழுதா மேக்கப் கலைஞ்சிடும், திரும்பப் போட ஒரு மணி நேரம் ஆவும்னு சத்தம் போடுறாங்க."

"அப்ப நீ இன்னும் அழுவவே இல்லியா?"

"இல்லம்மா."

உன் மாமி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "என்னங்க, அந்தக் கதவாண்ட நில்லுங்க. யாரையும் இந்தப் பக்கம் உடாதீங்க" என்றாள். சின்னப்பாப்பாவின் கையைப் பிடித்துக் கிணற்றுத் திட்டில் உட்காரவைத்தாள். முதலில் ஆரம்பித்தது கமலவேணிதான். பிறகு மூன்று பேரும். அந்தச் சின்னப்பாப்பா சன்னமாக விசும்பிக்கொண்டிருந்தவள், ஒரு கட்டத்தில் மார்பில் அடித்துக்கொண்டு, நம் ஊர்ப்பக்கம் சாவு வீட்டில் பாடுவார்களே, அப்படிப் பாட்டாகவே எடுத்து அழுதாள். என் ஆயுளில் அப்படி ஓர் அழுகையை நான் கேட்டதில்லை. எனக்கும் கண் கலங்கியது. தட்டு கையில் இருந்ததால் துடைக்க முடியவில்லை.

உங்கள் உதவி டைரக்டர் ஓடிவந்தார். "ஷாட் ரெடி, மேடம் எங்க?" "உள்ளே துக்கம் நடக்குது தம்பி, கொஞ்சம் பொறுங்க." "பாய், நீங்க கூட்டத்துக்கு வந்தவரு, ஒதுங்குங்க." "ஒதுங்க மாட்டேன். உங்க எடிட்டிங் ஸாகிபோட மாமா நான்." ஒரு ஃபைலை ஆறு மாதம் நகராமல் வைக்கத் தெரிந்தவன் நான், எனக்கு ஒரு கதவா பெரிது? அவர் போய் டைரக்டரையே கூட்டிவந்தார். டைரக்டர் கத்திக்கொண்டுதான் வந்தார். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த குரல் காதில் விழுந்ததும் நின்றார். "அக்காவுக்கா?" என்று மட்டும் கேட்டார். நான் தலையாட்டினேன். அவரும் என் பக்கத்திலேயே நின்றார். எல்லாம் ஓய்ந்து, முகத்தில் மேக்கப் எல்லாம் வழிந்துபோய் சின்னப்பாப்பா வெளியே வந்தபிறகுதான் மறுபடி கத்த ஆரம்பித்தார். அந்த ஒரு மணி நேரக் கணக்கு இதுதான். உன்னைத் திட்டும்போது இந்தப் பகுதியை அவர் சொன்னாரா?

ஆகவே, உன் டைரக்டருக்கு நான் வைக்கும் கோரிக்கை. ராஜாம்பாள் கதையில் முறையாக இறக்க வேண்டும். பெரிய விபத்தெல்லாம் வேண்டாம், தூக்கத்தில் போனாள் என்றால் போதும். அந்த வீட்டில் ஒரு வாரமாவது அடுப்பு எரியக்கூடாது. பிள்ளை வாய்விட்டு அழ வேண்டும். சின்னப்பாப்பாவின் வேலைக்கு ஒரு குறையும் வரக்கூடாது. சாவுக்கு வந்த ராஜாம்பாளின் தங்கை என்று அவளை அந்த வீட்டிலேயே தங்கவைக்கட்டும், அவள் சொந்தப் பெயரிலேயே. மறுத்தால் அடுத்த படப்பிடிப்புக்கு உப்பளத்தையே திரட்டிக்கொண்டு வருவேன். இதில் பேச்சுக்கே இடமில்லை.

உனக்கு வேலையில் பரக்கத்தும், குணமான இடத்தில் பெண்ணும், உன் டைரக்டருக்கு நல்ல மனசும் அமைய இறைவனைக் கேட்டுக்கொண்டு, உன் உம்மாவுக்கு என் ஸலாமையும், அழ வேண்டாம் என்ற செய்தியையும் சொல்லி முடிக்கிறேன்.

உறுதியுடன்,
உன் மாமா
உசேன்

பி.கு.: மேலே கையெழுத்துப் போட்டுவிட்டுக் கவர் வாங்கக் கடைக்குப் போய்த் திரும்பினால் வீட்டில் டிவி ஓடுகிறது. மாமியும் கமலவேணியும் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். சின்னப்பாப்பா மருமகளைத் திட்டிக்கொண்டிருந்தாள். "இவளுக்குச் சரியா கத்தவே வரல" என்றேன். "புதுசுல்ல? மெதுவாத்தான் வரும். ஒங்க மருமவ பேசனது மட்டும் நாயமா?" என்று ஆரம்பித்தாள் பார் உன் மாமி, குழம்பு ஆறிப்போகும்வரை சண்டை. அதற்குப் பிறகு இந்தக் கடிதத்தைக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தாள். "ராஜாம்பாளச் சாவடிக்கச் சொல்றீங்களா? நல்லாருக்கே! இப்பத்தான் அந்தப் பொண்ணு சாவியக் கையில புடிக்கவே கத்துக்கிது" என்றாள். "அவளுக்கு முறையா ஒரு சாவு நடக்க வேண்டாமாடி?" என்றேன். "அதான் நடந்துடுச்சே, கொல்லையில. நீங்கதான கதவாண்ட நின்னீங்க?" என்றாள்.

எனவே மேற்படி கோரிக்கை ரத்து செய்யப்படுகிறது. டைரக்டரிடம் கொடுக்காதே. அதற்காகக் கிழித்துப் போட்டும்விடாதே, தமிழ் நன்றாக வந்திருக்கிறது.