பதினெட்டு நாளுக்கு முப்பத்தாறு ரவுண்டு

திருவண்ணாமலையில் பௌர்ணமிக்கு மலையைச் சுற்றியவர்களைவிட, ரவுண்டு சாரிடம் மாட்டிக்கொண்டு காலேஜ் கிரவுண்டைச் சுற்றியவர்கள்தான் ஜாஸ்தி. கற்பூரம் அடித்துச் சொல்வேன்.

திருவண்ணாமலைக் காலேஜ் ஒன்றில் அவர் பி.டி. சார். விளையாட்டுக்கு மொத்தப் பொறுப்பும் அவர்தான், கோச்சுகள் எல்லாம் அவருக்குக் கீழே. சொந்தப் பெயர் என்னவென்று எனக்கே போன மாதம் சுவரில் ஒட்டிய போஸ்டரைப் பார்த்துத்தான் தெரியும். ரவுண்டு என்றதும் ஆள் உருண்டையாக இருப்பார் என்று நினைக்காதீர்கள். கொடிக்கம்பத்துக்கு விசில் மாட்டிவிட்டது போல இருப்பார்.

அவருக்கு ஒரே சட்டம்தான். வெளிச் செருப்போடு கிரவுண்டில் கால் வைத்தால் ஒரு ரவுண்டு ஓடணும். அதில் பெரிய ஆள் சின்ன ஆள் கிடையாது. போட்டோ எடுக்க வந்த கல்யாண மாப்பிள்ளை பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார், பெண் வீட்டார் கைதட்டினார்கள். விளையாட்டு விழாவுக்கு வந்த சிறப்பு விருந்தினர் கழுத்தில் மாலையோடு ஓடினார். மேடை ஏறியதும் மூச்சு வாங்கி, "எல்லாரும் நல்லா வெளையாடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அந்தக் காலேஜ் கேட்டதிலேயே நல்ல பேச்சு அதுதானாம். ஒரு தடவை மாடு ஒன்று உள்ளே வந்துவிட்டது. அதையும் முழுசாக ஒரு ரவுண்டு ஓட்டித்தான் வெளியே விட்டார்.

ஆனால் யார் ஓடினாலும் பின்னாலேயே அவரும் ஓடுவார். அவர்கள் ஒன்று ஓடினால் இவர் இரண்டு. மாட்டுக்கும் அப்படித்தான்.

"தப்பு பண்ணவனுக்கு ஒரு ரவுண்டு. பண்ண வுட்டவனுக்கு ரெண்டு. கிரவுண்டு கேட்டத் தொறந்து போட்டது நான்தான?" என்பார்.

நான் எட்டாவதோடு நின்றுவிட்டு ஆட்டோ ஓட்டுகிறவன். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஊர். என் தங்கச்சி பவித்ரா அந்தக் காலேஜ் கபடி டீமில் ஆடினாள். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். திடீரென்று ஒருநாள் அவளை டீமிலிருந்து எடுத்துவிட்டார்கள். சரியாகச் சாப்பிடாமல் கிடந்தவள் கடைசியில் போனை நீட்டினாள். கபடி கோச் அனுப்பிய மெசேஜ்கள். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன். நாலு வரிக்கு மேல் படிக்க முடியவில்லை, படிக்கத் தெரியாததால் அல்ல. அதற்கெல்லாம் பதில் போடவில்லை என்றுதான் அவளை எடுத்திருக்கிறான்.

"நான் இனிமே காலேஜுக்கே போலண்ணா. டிசி வாங்கிக் குடுத்துடு."

ஆட்டோவிலிருந்த வீல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கோச் ஊரில் இல்லை. இல்லாவிட்டால் என்ன, அவனுக்கு மேலே ஒருத்தர் இருக்கிறாரே! கிரவுண்டு நடுவில் ரவுண்டு சார் நின்றிருந்தார்.

"யோவ், பொறுப்புன்னு ஒண்ணு வாங்கிக்கினு இன்னாய்யா பண்ற?" என்று கத்திக்கொண்டே உள்ளே பாய்ந்தேன்.

விசில் ஊதினார்.

"செருப்பு."

"இன்னா?"

"செருப்போட வந்துட்ட. ஒரு ரவுண்டு ஓடு. அப்புறமா அடி."

எனக்கு இன்றுவரை புரியவில்லை. அந்த விசிலில் என்ன இருந்ததோ, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஸ்பேனரோடு ஓடினேன். பின்னாலேயே அவரும் வந்தார். ஓடிக்கொண்டே விஷயத்தைக் கத்திச் சொன்னேன். பாதி ரவுண்டில் பின்னால் காலடிச் சத்தம் நின்றுவிட்டது. திரும்பினால், இடுப்பில் கை வைத்துத் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"தம்பி, உன் தங்கச்சிக்கு முன்னாடியே ஒரு பொண்ணு வந்து எங்கிட்ட சொல்லிச்சு. போட்டி முடியட்டும், பாத்துக்கலாம்னு வுட்டுட்டேன். பதினெட்டு நாளு ஆச்சு."

அடிக்கத்தான் போனேன். ஆனால் வாயில் வேறு வந்தது.

"அப்ப உனுக்கு எத்தினி ரவுண்டு?"

"நாளுக்கு ரெண்டு. முப்பத்தாறு."

சொல்லிவிட்டு ஓட ஆரம்பித்தார். நல்ல வெயில். ஐம்பதைத் தாண்டிய ஆள். பத்தாவது ரவுண்டில் கம்பி வேலிக்கு வெளியே கூட்டம் கூடிவிட்டது. "மலைய சுத்துற வேண்டுதல இங்கியே சுத்தி முடிக்கிறாரு போல" என்று ஒரு அம்மா வேலிக்கு மேலே மோர் நீட்டினார். கணக்குப் போட்டால் முப்பத்தாறு ரவுண்டும் கிரிவலமும் ஏறக்குறைய ஒரே தூரம்தான்.

நான் கத்தியது ஆபீஸ் வரைக்கும் கேட்டிருக்க வேண்டும். இருபதாவது ரவுண்டில் பிரின்சிபால் ஒரு பேப்பரோடு வந்தார். 'என்னிடம் எந்தப் புகாரும் வரவில்லை' என்று டைப் அடித்திருந்தது. சார் கையெழுத்துப் போட்டால் போதும், விஷயம் முடிந்தது. சார் நிற்கவில்லை. பிரின்சிபாலும் கூடவே ஓட வேண்டியதாயிற்று.

"சார்... ஒரே ஒரு கையெழுத்து... காலேஜ் பேரு கெட்டுடும்..."

"ஷூவ கழட்டுங்க சார்."

"உங்க வேலைக்கே... ஆபத்து சார்..."

"ஷூ, சார்."

பிரின்சிபால் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே ஷூவைக் கழற்றினார்.

"எல்லாத்தையும் அண்ணாமலையார் பாத்துப்பாரு சார். அவரு மேல பாரத்த போட்டுட்டு, நீங்க கையெழுத்த போடுங்க."

"அண்ணாமலையார் கபடி டீமுக்கு இன்சார்ஜ் இல்ல சார். நான்தான் இன்சார்ஜ்."

முப்பத்தாறு முடிந்ததும் அந்தப் பேப்பரை வாங்கிப் பின்பக்கம் எழுதினார். எனக்குப் படிக்கக் கஷ்டம் என்று எப்படித் தெரிந்ததோ, எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டினார். புகார் வந்தது. பதினெட்டு நாள் நான் ஒன்றும் செய்யவில்லை. கோச்சை விசாரியுங்கள். என்னையும் விசாரியுங்கள். அதில் கையெழுத்துப் போட்டுப் பிரின்சிபாலிடம் கொடுத்தார். மறுநாள் அந்த முதல் பெண் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் வந்து மன்னிப்புக் கேட்டார். செருப்பை வாசலிலேயே விட்டிருந்தார்.

விசாரணையில் கோச்சுக்கு வேலை போனது. சாரையும் பொறுப்பிலிருந்து எடுத்து லைப்ரரியில் உட்கார வைத்தார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது.

"உங்கள ஏன் சார் எடுத்தானுங்க?"

"வுட்டவன் நான்தானடா. எடுத்தது கரெக்டு."

லைப்ரரியிலும் சும்மா இருந்தாரா? சத்தம் போட்டுப் பேசினால் புத்தக அலமாரியைச் சுற்றி ஒரு ரவுண்டு.

பவித்ரா டிசி வாங்கவில்லை. டீமுக்குத் திரும்பினாள். அவள் ஆடிய முதல் மேட்சுக்குச் சார் வேலிக்கு வெளியே நின்று விசில் அடித்தார். உள்ளே வாங்க என்றேன். "பொறுப்பு இல்லாதவன் உள்ள வரக்கூடாது. நீ போய் பாரு" என்றார். நானும் வேலிக்கு வெளியேதான் நின்றேன்.

போன மாதம் நெஞ்சு வலி என்று அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பவித்ரா போன் பண்ணிச் சொன்னாள். பௌர்ணமி நேரம், சவாரி மேல் சவாரி. கூட்டம் கலையட்டும், பாத்துக்கலாம் என்று விட்டுவிட்டேன். மூன்று நாள். நாலாவது நாள் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் அந்தப் போஸ்டர்.

மூன்று நாளுக்கு ஆறு. காரியம் முடிந்த மறுநாள் கிரவுண்டுக்குப் போனேன். செருப்பைக் கேட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு ஓடினேன். பின்னால் யாரும் வரவில்லை. ஐந்து ஓடினேன். ஆறாவதை வேண்டுமென்றேதான் பாக்கி வைத்திருக்கிறேன். ஒருத்தனுக்கு ரவுண்டு பாக்கி இருக்கும்போது ரவுண்டு சார் அவனை விட்டுவிட்டு எங்கேயும் போக மாட்டார்.