சுகுணா கொடுத்த பாட்டில்

கோவில்பட்டி
14.3.1999

கடம்பூர் தங்கச்சி ஆவுடைத்தாய்க்கு, நீங்கள் முகம் பார்த்திராத அக்காள் வெயிலுகந்தம்மாள் எழுதியது. இங்கே நானும் பேரனும் கறவை மாடும் சுகம். அங்கேயும் எல்லோரையும் கழுகுமலையான் அப்படியே வைத்திருக்கட்டும்.

உங்கள் மகள் சுகுணா ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் பார்க்கிற நர்ஸ் வேலையை, ரத்தமும் வாந்தியும் அள்ளுகிற வேலை என்று விடச் சொல்கிறீர்களாம். கண் கலங்கி அவளே சொன்னாள். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். பிழை பொறுத்து, முழுக்கப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

பாலிடெக்னிக் படிக்கிற என் பேரன் பாலகணேஷைப் பருத்திக் காட்டில் விரியன் கடித்துவிட்டது. ஒரு டிராக்டர் நிறையச் சொந்தக்காரர்களோடு சுகுணாவின் ஆஸ்பத்திரியில் போய் இறங்கினோம், அடித்த பாம்பும் தூக்குவாளியில் கூடவே வந்தது. ஆளாளுக்கு வைத்தியம் சொன்னோம். அந்தக் கூச்சலுக்குள்ளே சுகுணா பேண்ட்டைக் கத்தரித்தாள், நரம்பு தேடி ஊசி ஏற்றினாள், கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து வைத்து, "இது உறையலைன்னா விஷம் ஏறியிருக்குன்னு அர்த்தம். யாரும் அசைக்காதீங்க" என்றாள். என் தம்பி கொம்பையா, "உறைஞ்சிருச்சான்னு பாக்குதேன்" என்று எடுத்துக் குலுக்கிவிட்டான். "இது என்ன மோர்ச் சொம்பா அண்ணாச்சி?" என்று கேட்டுக்கொண்டே மறுபடியும் ரத்தம் எடுத்தாள். "பாம்பு செத்துருச்சா இல்லையான்னு வெளியே நின்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்" என்று அவனை வாளியோடு அனுப்பினாள். வாளி போன பக்கமெல்லாம் கூட்டமும் கலைந்தது.

நான்தான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அலறினேன். "ஆச்சி, இந்த மருந்து பாட்டிலைத் தூக்கிப் பிடிங்க, தாழ்த்திராதீங்க. உங்க பேரன் இப்ப உங்க கையிலதான் இருக்கான்" என்று ஒரு பாட்டிலைக் கொடுத்தாள். அழுகை நின்றுவிட்டது. தோள் கழன்றாலும் தாழ்த்தவில்லை. அவள் நாடி பார்ப்பதும், மூச்சைக் கவனிப்பதும், அடுத்த கட்டிலுக்கு ஓடுவதும், திரும்ப வருவதுமாய் இருந்தாள். பொழுது சாயும்போது பேரன் கண்ணைத் திறந்து, "பசிக்கி ஆச்சி" என்றான். அவனைக் காப்பாற்றியது ஆஸ்பத்திரி பாதி, நான் பாதி என்று ஊரெல்லாம் சொல்லி வருகிறேன்.

இப்படிப்பட்ட பிள்ளையை வீட்டில் உட்கார வைக்காதீர்கள் தாயி. சுகுணாவுக்கு என் ஆயுசிலும் கொஞ்சம் சேரட்டும். பருத்தி எடுத்து முடிந்ததும் நேரில் வந்து உங்கள் கையால் போளி சாப்பிடுவேன்.

இப்படிக்கு,
வெயிலுகந்தம்மாள்

பின்குறிப்பு: நான் பிடித்த பாட்டிலின் குழாய் பேரன் கைக்குப் போகவில்லை. அவனுக்கு ஏறிய மருந்து கம்பியில் தொங்கியது. பாதியிலேயே பார்த்துவிட்டேன், ஆனாலும் கையை இறக்க மனசு வரவில்லை. எனக்குத் தெரியும் என்று சுகுணாவிடம் சொல்லிவிடாதீர்கள். அடுத்து அழுதுகொண்டு வருகிற ஆச்சிக்கும் அந்தப் பாட்டில் வேணும், அதை எடுத்துக் கொடுக்க அவளும் வேணும்.