கத்திரி வெயிலில் பனி விழுந்த கதை

குன்றத்தூர் போகும் சாலையில் நான் நடந்துகொண்டிருந்தபோது மணி ஒன்று இருக்கும். மே மாத வெயில். தோளில் ஒரு பை, அதில் இரண்டு சட்டை, ஒரு போர்வை. அன்று காலைவரை சட்டையில் கேட் பாஸ் தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது அதைக் குத்தியிருந்த ஊக்கு மட்டும் மிச்சம்.

வேலையை விட்டு நடப்பது எனக்குப் புதிதல்ல. எட்டாம் வகுப்பிலிருந்து பாதியில் எழுந்து நடந்தவன் நான். பிறகு எங்கேயும் சேர்ந்தாற்போல் ஒரு வருஷம் இருந்ததில்லை. ஆனால் ஸ்ரீபெரும்புதூர் பக்கம், அக்னி நட்சத்திரத்தில், செடிகளைப் பனியில் வாட்டியதற்காக விரட்டப்பட்டவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு பொய். பிள்ளைப்பாக்கம் தாண்டி கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனி. அங்கே தோட்டக் காண்ட்ராக்ட் எடுத்திருந்த ஏகாம்பரம் அண்ணன் முன் அனுபவம் கேட்டார். ஊட்டியில் தோட்ட வேலை பார்த்தேன் என்றேன். (ஊட்டியில் இருந்தது உண்மை. பஸ் நிலையத்தில் வர்க்கி பிஸ்கட் விற்றேன். பூங்காவை வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன்.) அன்றிலிருந்து எனக்குப் பெயர் ஊட்டி. படுக்க பம்ப் ரூம், சட்டையில் குத்த கேட் பாஸ். என் பெயரும் படமும் ஒரே அட்டையில் இருந்தது வாழ்க்கையில் அதுவே முதல் முறை. அந்த அட்டையைக் கழற்றாமல்தான் தூங்குவேன்.

வியாழக்கிழமை வெளிநாட்டிலிருந்து கம்பெனியின் பெரிய ஆட்கள் வருவதாக இருந்தது. திங்களன்று பன்னிரண்டு குரோட்டன்ஸ் தொட்டிகளை இறக்கிய ஏகாம்பரம் அண்ணன், “வாசல்ல ரெண்டு பக்கமும் நிக்கணும். அதுவரைக்கும் வாடாம பாத்துக்க. நல்லா முடிஞ்சா உன்ன பர்மனென்ட் பண்ணச் சொல்றேன்” என்றார்.

பர்மனென்ட் என்ற சொல் காதில் விழுந்ததும் என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. அது வேலை செய்த நாளெல்லாம் எனக்கு நல்லது நடந்ததில்லை. வெளியே அனல். கேன்டீனிலோ கோழியும் மீனும் உறையவைக்கிற குளிர் அறை. சமையல் மாஸ்டரைக் கெஞ்சி, பன்னிரண்டு தொட்டிகளையும் உள்ளே அடுக்கிவிட்டு, ராஜா மாதிரி தூங்கினேன்.

மறுநாள் காலை மாஸ்டர் ஆள் விட்டார். இலைகளில் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. (அழகாகவே இருந்தது, ஊட்டி ஞாபகம் வந்தது.) வெளியே எடுத்து வைத்த பத்தாவது நிமிடம் அத்தனையும் வதக்கிய கீரை.

ஊட்டிப் பூங்காவில் பனிக்காலத்தில் செடிகளின் மேல் புதர்க்கொம்புகளைப் போட்டு மூடி, காலையில் தண்ணீர் தெளிப்பார்கள். எதற்கு என்று தெரியாது. ஆனாலும் வேலிக்காத்தான் கொம்பு வெட்டி, சாக்கு போட்டு, பன்னிரண்டையும் மூடினேன். வியர்வை சொட்டச் சொட்டத் தண்ணீர் தெளித்தேன். ஒரு தொட்டிக்குக் கேன்டீன் வெந்நீரையே ஊற்றிப் பார்த்தேன்.

கோவிந்தம்மாள் அக்கா விளக்குமாறோடு வந்து நின்றாள். பிள்ளைப்பாக்கத்துக்காரி. முன்பு கத்தரியும் வெண்டையும் போட்டவள், இப்போது கம்பெனிப் புல்லுக்குத் தண்ணீர் விடுகிறாள்.

“இன்னா ஊட்டி, சாயங்காலம் பனி கொட்டும்னு ரேடியோல சொன்னானா?”

நான் அழுகிற நிலையில் இருந்தேன். அவள் குனிந்து ஒரு தண்டை நகத்தால் கீறினாள். உள்ளே பச்சை.

“உயிர் கீது. இலைய வெட்டாத, எருவு போடாத. நெழல்ல வச்சிட்டு கம்முனு கெட. பாஞ்சி நாள்ல துளுக்கும்.”

பதினைந்து நாளா? என்னிடம் இருந்தது இரண்டு. மேலும், கம்மென்று கிடப்பது மட்டும் என்னால் முடியாத வேலை. புதன்கிழமைக்குள் எல்லா இலைகளும் கொட்டி, பன்னிரண்டு தொட்டிகளில் பன்னிரண்டு குச்சிகள் நின்றன.

வியாழன் விடிந்ததும் பச்சையாக ஏதாவது கிடைக்குமா என்று சுற்றினேன். அந்த வெயிலில் பச்சையாக இருந்தது காம்பவுண்டு ஓரத்து வேப்பமரம் மட்டும். கொத்துக் கொத்தாக ஒடித்துத் தொட்டிகளில் சொருகி, வாசலின் இரண்டு பக்கமும் ஆறாறாக நிறுத்தினேன். தூரத்திலிருந்து பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

பக்கத்தில் வந்து பார்த்த முதல் ஆள் ஒரு லாரி டிரைவர். பில்லில் கையெழுத்து வாங்க வந்தவர் வேப்பிலையைக் கண்டதும் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டார். பின்னால் வந்த லோடுமேன்களும் அப்படியே செய்தார்கள். சரியாக அப்போது கார்கள் வந்து நின்றன.

இறங்கியவர்களில் நரைத்த தலைக்காரர் ஒருவர் வரிசையாகக் கிடந்த செருப்புகளைப் பார்த்தார். வேப்பிலையைப் பார்த்தார். பிறகு மரியாதையாகக் குனிந்து தன் ஷூ கயிற்றை அவிழ்த்தார். மற்ற நாலு பேரும் அவிழ்த்தார்கள். அவர்களுக்கு நேர் மேலே, பாதுகாப்புக் காலணி இல்லாமல் உள்ளே வரக் கூடாது என்று ஆளுயரப் பலகை. அதை எழுதி மாட்டிய சேஃப்டி ஆபீசர் அதன் கீழேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மணி பதினொன்று. சிமெண்ட் தரை. அந்த ஐந்து பேரும் கால் மாற்றிக் கால் மாற்றி, சிரித்த முகத்தோடு உள்ளே ஓடினார்கள்.

ஏகாம்பரம் அண்ணன் திட்டவில்லை. கையை மட்டும் நீட்டினார். பாஸைக் கழற்றிக் கொடுத்தேன்.

“ஊட்டில இன்னாதான்டா வேல பாத்த?”

“வர்க்கி வித்தேன்ணே.”

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு தொட்டி விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆடிக் கிருத்திகைக்குக் குன்றத்தூர் மலைக்கோயிலுக்கு வந்த கோவிந்தம்மாள் அக்காதான் மீதியைச் சொன்னாள். பதினோரு செடிகள் துளிர்த்து நிற்கின்றனவாம். வெந்நீர் குடித்தது மட்டும் போய்ச் சேர்ந்துவிட்டது. பின்னால் கல்யாணமாகி, இந்தக் கதையை என் மனைவியிடம் சொன்னது நான் செய்த அடுத்த தவறு. இன்றும் வீட்டில் மிக்ஸியோ குழாயோ கெட்டுப்போய் நான் ஸ்குரூடிரைவரை எடுத்தால், பிள்ளைகள் சமையலறையிலிருந்தே குரல் கொடுக்கும்: “அப்பா, உயிர் கீது. கம்முனு கெட.”

அன்று நடந்து நடந்து பொழுது சாயக் குன்றத்தூர் சேர்ந்தேன். கோயில் மலையடிவாரத்தில் படுத்தேன். காலையில் எழுப்பியவர் வேலை வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றேன். என்ன வேலை என்று சொல்லிவிட்டு, முன் அனுபவம் உண்டா என்றார். பெரிய பெரிய ஆட்களையெல்லாம் ஷூவைக் கழற்ற வைத்திருக்கிறேன் என்று, இந்த முறை உண்மையையே சொன்னேன். கோயிலுக்கு வருகிறவர்களின் செருப்பை வாங்கி வைத்து டோக்கன் கொடுக்கும் வேலை அது. உடனே சேர்த்துக்கொண்டார்.