பனிமலைக்குப் போன வேட்டி

கலியாண பயோடேட்டாவில் பொய் கலக்காத வரி ஒன்று இருக்குமென்றால், அது தொலைபேசி இலக்கமாகத்தான் இருக்கும். என்னுடையதில் அதுவும் என் இலக்கம் இல்லை, அக்காவுடையது.

பார்க் எக்ஸ்டென்ஷனில் அக்கா வீட்டு மூன்றாம் மாடியில்தான் அப்போது நான் இருந்தேன். மொன்றியலுக்கு வந்து நான்கு வருடம். மளிகைக் கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் பழுதாகும் குளிர்பெட்டிகளைத் திருத்துவது வேலை. அக்கா கணினிக்கு முன்னால் உட்கார்ந்து அதைக் 'கூலிங் சிஸ்டம்ஸ் எஞ்சினியர்' ஆக்கினாள். ஐந்தடி ஐந்து அங்குலமாக இருந்த என்னை ஒரு விசைத்தட்டலில் ஐந்தடி எட்டுக்கு வளர்த்தாள். (அம்மா பால் பருக்கியும் நடக்காத காரியம்.) பொழுதுபோக்கு என்ற இடத்தில் 'ஸ்கீயிங்' என்று அடித்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அக்கா, நான் பனியில செய்யிற ஒரே வேலை உங்கட படியைக் கூட்டுறது."

"அப்ப என்னத்தைப் போடுறது? கரம் போர்ட் விளையாட்டும் குப்புறப் படுக்கிறதும் எண்டு போடட்டோ? பொம்பிளை இஞ்ச பிறந்த பிள்ளை. ஆரடா இதையெல்லாம் சோதிச்சுப் பாக்கப்போகினம்?"

சோதித்துப் பார்க்கப்போகிறவளின் பெயர் ஜனனி. மொன்றியல் புறநகரான கர்க்லாண்டில் தாயோடு இருந்தாள். தகப்பன் இரண்டு வருடங்களுக்கு முன்னர் காலமாகியிருந்தார். பெரியவர்கள் சம்மதத்தோடு நாங்கள் தொலைபேசியில் கதைக்கத் தொடங்கிய முதல் நாளே அவள் ஒன்றைச் சொல்லிவிட்டாள்.

"நாலு பேரை நான் வேண்டாமெண்டு சொல்லியிருக்கிறன். நாலு பேரும் பொய் சொன்னவை. உயரம், வேலை, எது குறைஞ்சாலும் எனக்குப் பிரச்சினை இல்லை. பொய் எண்டா நான் போயிடுவன், ஓகே?"

நானும் ஓகே என்றேன். மூன்று கிழமை கதைத்தோம். அவள் சிரிப்பதைக் கேட்பதற்காகவே வேலையிடத்தில் நடந்த கதைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு பின்னேரம் வரக் காத்திருப்பேன். இந்தப் பெண் இல்லாவிட்டால் என் கதி என்ன என்று பயம் வந்துவிட்டது. அந்தப் பயத்தில்தான் உண்மையைச் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

நாலாவது கிழமை அவள் கேட்டாள். "உங்களுக்கு ஸ்கீ விருப்பம் எண்டு போட்டிருக்கு. டவுன்டவுனில இருந்து டே ட்ரிப் ஒண்டு போகுது. பஸ், கைட், ஸ்கீ எல்லாம் அவையே தருவினம். போவமா?"

"ஓம்" என்றது என் வாய். மூளைக்கு அந்தச் செய்தி பத்து நிமிடம் பிந்தித்தான் கிடைத்தது.

ஒரு கிழமை முழுவதும் யூடியூப்பில் ஸ்கீ படித்தேன். சோபாவின் முன்னால் முழங்காலை மடக்கிச் சரிந்து பார்த்தேன், விழவில்லை. பெரிய நம்பிக்கை வந்துவிட்டது. சிநேகிதன் ஒருவனிடம் ஸ்கீ கால்சட்டை இரவல் வாங்கினேன். அவன் என்னில் இரண்டு மடங்கு. இடுப்பில் இன்னொரு ஆளை வைக்கலாம்போல இடம் இருந்தது. அக்கா யோசித்துவிட்டு, கோயிலுக்குக் கட்டும் என் வெள்ளை வேட்டியைக் கொண்டுவந்து இடுப்பைச் சுற்றி நாலைந்து சுற்றுச் சுற்றினாள்.

"இடைவெளியும் அடைபடும், இடுப்பில குளிரும் ஏறாது" என்றாள். அவளும் ஒரு கூலிங் எஞ்சினியர்தான்.

சனிக்கிழமை காலை பஸ் நிற்கும் இடத்துக்குப் போனால், ஜனனிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பையோடு அவளுடைய தாயும் நின்றார். இன்னும் கலியாணப் பதிவு எழுத்து எழுதாத பிள்ளைகள் மலை ஏறி இறங்கும்போது பெரியவர் ஒருவர் கூட நிற்க வேண்டுமாம். மாமியின் பைக்குள் மீன் ரோல்ஸ், கட்லட், மூன்று பிளாஸ்க் தேத்தண்ணி. பஸ் நகரத்தைத் தாண்டுவதற்குள் சாரதிக்கு ஒரு ரோல் போய்விட்டது.

எங்கள் வழிகாட்டி லூக் என்ற கியூபெக் இளைஞன். இருக்கை இருக்கையாக வந்து யார் எந்தத் தரம் என்று கேட்டான். புதிதாகப் பழகுகிறவர்களுக்குப் பச்சைக் கைப்பட்டி, ஓரளவு தெரிந்தவர்களுக்கு நீலம், புலிகளுக்குக் கறுப்பு. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து பனியில் சறுக்கும் ஜனனி நீலம் வாங்கினாள். லூக் என்னைப் பார்த்தான். ஜனனி என்னைப் பார்த்தாள். மாமி கட்லட்டோடு திரும்பிப் பார்த்தார். அந்த நிமிடம் நான் பச்சை என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. நீலம் என்று கையை நீட்டினேன்.

மாமியை அடிவாரத்துச் சாலேயில் விட்டோம். (ஸ்கீ மலைகளில் சாப்பிட்டு இளைப்பாறும் மண்டபத்துக்கு இங்கே அதுதான் பெயர்.) மலை தெரியும் கண்ணாடிக்குப் பக்கத்தில் இடம்பிடித்து, பக்கத்து மேசைக்காரருக்கும் ரோல் பரிமாறத் தொடங்கிவிட்டார்.

பச்சைப் பட்டிக்காரர்கள் தட்டையான இடத்தில் எப்படி நிற்பது, எப்படி நிறுத்துவது என்று படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை நான் பொறாமையோடு பார்த்தபடி, மலையுச்சிக்குக் கொண்டுபோகும் நாற்காலித் தூக்கியில் ஏறினேன். காலில் இரண்டு பலகை, கீழே பாதாளம், பக்கத்தில் ஜனனி. உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடையாது, யாரும் எழும்பிப் போக முடியாது.

"முகம் ஒரு மாதிரி இருக்கு. பயமா?" என்று கேட்டாள்.

"சீ, இது காத்து."

மேலே போனதும் நாற்காலி நிற்காது. நாங்கள்தான் எழும்பிச் சறுக்கி விலக வேண்டும். ஜனனி அழகாக விலகினாள். நான் எழும்பினேன், ஆனால் கை நாற்காலியை விடவில்லை. அது என்னை இழுத்துக்கொண்டுபோய், சுற்றித் திரும்பும் இடத்தில் உதறியது. இயந்திரத்தை நிறுத்தினார்கள். மலையின் அடிவாரம் வரைக்கும் அத்தனை நாற்காலிகளிலும் சனம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு என்னைப் பிரெஞ்சில் விசாரித்தது. எனக்குப் பிரெஞ்சு அரைகுறை. ஆனாலும் அன்று ஒரு சொல்லும் விளங்காமல் போகவில்லை.

"சவா, சவா", ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று எழும்பினேன். எங்களுக்கு முன்னால் ஏறியிருந்த லூக் என் கைப்பட்டியை ஒருமுறை உற்றுப் பார்த்தான். ஏதோ கேட்க வாயைத் திறந்தான். அவன் கேட்டு முடிப்பதற்குள் நான் புறப்பட்டுவிட்டேன். வேண்டுமென்று புறப்படவில்லை. பலகைகள் புறப்பட்டன, நான் மேலே நின்றேன், அவ்வளவுதான்.

எப்படித் திரும்புவது என்று யூடியூப்பில் பார்த்தது ஞாபகம் இருந்தது. எப்படி நிறுத்துவது என்ற காணொளியை ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று வைத்திருந்தேன். லூக்கைத் தாண்டினேன். கறுப்புப் பட்டிக்காரர் இருவரைத் தாண்டினேன். (ஒருவர் கைதட்டினார்.) முருகா என்று கத்தியது எனக்கே கேட்டது. கடைசியில் பாதையோரத்துச் செம்மஞ்சள் வலையில் போய்ச் சிக்கினேன். ஒரு பலகை மரத்தடியில் கிடந்தது. இரவல் கால்சட்டையின் கொக்கி தெறித்துவிட்டது. உள்ளே அடக்கமாக இருந்த வேட்டி முழு நீளத்துக்கும் வெளியே வந்து பனியில் விரிந்து கிடந்தது.

ஜனனி வந்து நின்றாள். முதலில் கை கால் எல்லாம் அசைகிறதா என்று பார்த்தாள். கணுக்கால் மட்டும் வலித்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டாள்.

"உண்மையைச் சொல்லுங்கோ. எத்தினை தரம் ஸ்கீ செய்திருக்கிறியள்?"

"இதோட சேர்த்தா ஒண்டு."

அவள் மரத்தடியில் கிடந்த பலகையை எடுத்துவந்து பனியில் குத்தி வைத்தாள். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். "சரி. கீழ போய்க் கதைப்பம்" என்றாள். நாலு பேருக்கும் இதே குரலில்தான் சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மீட்புக்காரர்கள் சறுக்குவண்டியோடு வந்தார்கள். நடக்கிறேன் என்றேன், விடவில்லை. என்னைக் கிடத்திப் பட்டியால் கட்டினார்கள். அவர்களில் ஒரு பெண், நல்ல மனம் அவளுக்கு, பனியில் கிடந்த அந்த நீள வெள்ளைத் துணியை நான் கொண்டுவந்த போர்வை என்று நினைத்து உதறி, கழுத்திலிருந்து கால்வரை போர்த்து, ஓரங்களையும் ஒழுங்காகச் செருகிவிட்டாள்.

இப்படித்தான் நான் அடிவாரம் வந்தேன். சாலே வாசலில் நூறு பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாமி வருவது தெரிந்தது. அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். மயங்கிவிட்டதாக நினைத்து வைத்தியரிடம் கொண்டுபோவார்கள், மாமிக்கு விளக்கம் சொல்வதைப் பிறகு பார்க்கலாம் என்பது திட்டம். பொய்யிலிருந்து தப்ப இன்னொரு பொய்.

வெள்ளை வேட்டி போர்த்துக் கண்மூடிக் கிடக்கும் ஒருவனைப் பார்த்தால் எங்கள் சனத்துக்கு என்ன தோன்றும் என்பதை நான் யோசிக்கவில்லை.

"ஐயோ என்ர மருமோனே!"

மாமி நெஞ்சில் அடித்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் விழுந்தார். ஒப்பாரி என்றால் இறந்தவரின் பெருமைகளைச் சொல்லி அழ வேண்டும். மாமி என்னை நேரில் கண்டதே அன்று காலையில்தான். என் பெருமைகளுக்கு அவரிடம் இருந்த ஒரே ஆதாரம் அக்கா அடித்த பயோடேட்டா.

"எஞ்சினியர் மாப்பிளை எண்டாங்களே, இப்ப ஐசாக் குளிர்ந்து போனியே ராசா! அஞ்சடி எட்டு எண்டாங்களே, அரைவாசியாக் கிடக்கிறியே! குடியில்லை, சிகரட் இல்லை எண்டாங்களே! ஸ்கீயெல்லாம் ஓடுவான் எண்டாங்களே, இந்தப் பாவி மலை உன்னை விழுத்திப்போட்டுதே!"

மலையடிவாரமே அமைதியாகிவிட்டது. கண்ணிமை இடுக்கால் பார்த்தேன். சனம் தொப்பிகளைக் கழற்றிக்கொண்டு நின்றது. காலையில் ரோல் வாங்கிச் சாப்பிட்ட பக்கத்து மேசைக் கிழவர் சிலுவை போட்டுக்கொண்டார். உயிரோடு இருக்கிறான் என்று மீட்புக்காரப் பெண் பிரெஞ்சில் கத்திக்கொண்டேயிருந்தாள். கேட்பாரில்லை. இதற்கு மேல் கண்ணைத் திறக்க எனக்குத் துணிவில்லை. இவ்வளவு பேரின் துக்கத்தை எப்படி ஏமாற்றுவது?

காதுக்குப் பக்கத்தில் ஜனனியின் குரல் மெதுவாகக் கேட்டது.

"கண்ணைத் திறவுங்கோ. அம்மா ரெண்டாம் பக்கத்துக்கு வந்திட்டா."

திறந்தேன். மாமி பாதி வரியில் நிறுத்தினார். என்னைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு மீன் ரோலை எடுத்து என் வாய்க்குள் வைத்தார். கூட்டம் கைதட்டியது.

திரும்பும் பஸ்ஸில் மாமி முன்னால் தூங்கிவிட்டார். பின்னிருக்கையில் நான் பயோடேட்டாவை முதல் வரியிலிருந்து ஒப்புவித்தேன். வேலை, உயரம், ஸ்கீ, கடைசியில் மயங்காத மயக்கம் வரைக்கும். ஜனனி கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள். முடிந்த பிறகு சொன்னாள்:

"அப்பான்ர செத்தவீட்டில அம்மா சத்தமா அழேல்லை. ஃபியூனரல் ஹோமில அமைதியா இருக்கச் சொன்னவை. நான்தான் வெக்கப்பட்டு அம்மான்ர கையை அமத்திப் பிடிச்சனான். இண்டைக்குத்தான் அவ அழுறதைக் கேட்டன்." முன்னால் தூங்கும் தாயை எட்டிப் பார்த்தாள். "ஊர் முழுக்கக் கேக்க மருமோன் எண்டு அழுதிட்டா. இனி நான் வேண்டாமெண்டு சொன்னா, அவ திரும்ப முதல்ல இருந்து அழவேணும். ஆனா இனி ஒரு பொய்யும் கூடாது."

"இல்லை" என்றேன். அழுதுவிடுவேன் போலிருந்தது. கணுக்காலைச் சாட்டிச் சமாளித்துவிட்டேன்.

அடுத்த ஆவணியில் கலியாணம். இப்போது இரண்டு பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை நான் சோபாவில் கண்ணயர்ந்தால் போதும், இரண்டும் ஒரு வெள்ளைத் துவாயைக் கொண்டுவந்து போர்த்து, தலைமாட்டில் உட்கார்ந்து, 'எஞ்சினியர் எண்டாங்களே' என்று ராகம் எடுத்து அழும். அக்கா வீட்டுக் கொண்டாட்டங்களில் இதற்குத் தனி நேரம் ஒதுக்குகிறார்கள். மாமியோ புதிதாக வருகிற விருந்தாளிகளுக்கு என்னைக் காட்டி, "நான் அழுது எழுப்பின பிள்ளை" என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளைக்கென்று ஒதுக்கும் மீன்தலையை என் சாப்பாட்டுக் கோப்பையில் வைப்பார்.

பத்து வருடமாக அந்த மீன்தலை என் மனச்சாட்சியை உறுத்தியது. போன தைப்பொங்கலுக்கு மறுநாள் கர்க்லாண்டில் மாமி தனியாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மாமி, அண்டைக்கு நான் மயங்கேல்லை. சும்மா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தனான்."

"தெரியும்" என்றார் மாமி, கத்தியை நிறுத்தாமல். "கண்மடல் ரெண்டும் பூச்சி மாதிரித் துடிச்சுக்கொண்டெல்லோ கிடந்தது."

"அப்ப ஏன் அழுதனீங்கள்?"

"வண்டிக்குப் பின்னால வந்த ஜனனியின்ர முகத்தைப் பாத்தன். அஞ்சாவது மாப்பிளையும் போகப்போகுது எண்டு விளங்கிட்டுது. மருமோன் எண்டு நாலு பேருக்குக் கேக்கக் கத்தினா, பிறகு மாத்தேலாதெல்லோ?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம் இன்னும் பாதி உரிபடாமல் கிடந்தது. "தொடங்கேக்க நடிப்புத்தான் தம்பி. பேந்து அவரின்ர நினைப்பு வந்திட்டுது. அதுக்குப் பிறகு நிப்பாட்ட ஏலாமப் போச்சு."

நானும் இரண்டு வெங்காயம் எடுத்து உரித்தேன். இதை ஜனனியிடம் சொல்லக்கூடாது என்று மாமி சத்தியம் வாங்கினார். கொடுத்துவிட்டேன். ஜனனிக்குத் தமிழ் கதைக்க வரும், வாசிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். ஆனால் மூத்தவள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறாள். நேற்று என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, தலைப்பை எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசித்துவிட்டாள்.