டோவரூர் கொண்டுவந்த சிப்பி வரி

வுனமிரா ஊரின் பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்தியே தீருவது என்று டோவரூர் என்ற பெரியவர் முடிவு கட்டியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது. சும்மா சொல்லக்கூடாது, மனுஷனுக்குத் தகுதி இருந்தது. தலைநகர் மோர்ஸ்பியில் பதினெட்டு வருஷம் பேங்கில் வேலை பார்த்தவர். கிழிந்த நோட்டைப் பொறுக்கும் அறையில்தான் என்றாலும் பேங்க் பேங்க்தானே! ஊர் திரும்பியதிலிருந்து பணவீக்கம், வட்டி விகிதம் தவிர அவர் வாயில் வேறு பேச்சில்லை. மீன்காரன் அவரைக் கண்டாலே பாதி விலைக்குக் கொடுத்து அனுப்பிவிடுவான், பேச்சு நின்றால் போதுமென்று.

அந்த வாரச் சனிக்கிழமை மாமரத்தடியில் ஊர்க்கூட்டம் நடக்க இருந்தது. ஆண்களுக்கான தலைவரியை அரசாங்கத்தின் கினா நோட்டாக வாங்குவதா, சிப்பிப் பணமாக வாங்குவதா என்பதுதான் பேச்சு. வுனமிராவில் ரெண்டும் செல்லும். பிரம்பு நாரில் கோத்த பொடிச் சிப்பி. இரண்டு கையையும் அகல விரித்தால் ஒரு பாகம். அதைக் கொடுத்துக் கடலை வாங்கலாம், பெண் கேட்கலாம், அடுத்த வீட்டுக்காரனைத் திட்டிவிட்டு அபராதமும் கட்டலாம். பாகத்துக்கு நாலு கினா என்பது கவுன்சிலர் எப்பினேரியின் கணக்கு.

டோவரூரின் கண் வேறிடத்தில் இருந்தது. வீட்டு உத்தரத்தில் தாழை ஓலை சுற்றித் தைத்த பெரிய சக்கரம் ஒன்று தொங்கியது. உள்ளே ஆயிரம் பாகம் சிப்பி, இருபது வருஷச் சேமிப்பு. தைத்தது தைத்ததுதான். வீட்டில் சாவு விழுந்தால்தான் பிரிப்பார்கள். வெட்டி ஊருக்கே பங்கு போடுவார்கள். சக்கரம் எவ்வளவு பெரிசோ, ஆளும் அவ்வளவு பெரிசு. அந்தச் சக்கரத்துக்காகவே டோவரூருக்குக் கூட்டத்தில் முன்வரிசை.

ஆனால் சாகும்வரை யார் காத்திருப்பது? அவருக்குப் படகு மோட்டார் வேண்டும். விரிகுடாவில் தடதடவென்று போகவேண்டும், கரையில் நிற்பவன் வயிறு எரியவேண்டும். சிப்பி விலையை ஏற்றிவிட்டு, சக்கரத்தில் பாதியை ஓசைப்படாமல் உருவி விற்றுவிட்டால் முடிந்தது. ஓலையைத் திரும்பத் தைத்தால் யாருக்குத் தெரியும்?

"இயாலில்! இனிமே வரி சிப்பியில மட்டுந்தான் கட்டணும்னு தீர்மானம் போடப்போறேன். பாகம் ஆறு கினா!"

மனைவி இயாலில் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். "அதுல ஊருக்கு என்ன லாபம்?"

"தேவை கூடும், மதிப்பு ஏறும், ஊர் வளரும். தூங்குற பணத்தால ஒரு புண்ணியமும் இல்ல. பணம்னா நடக்கணும்!"

"இதை எல்லார் முன்னாடியும் சொல்வீங்களா?"

"மேடையேறிச் சொல்வேன்."

"ஏங்க, உங்க பேங்குல ஜனங்க போட்ட பணமெல்லாம் அந்தக் கட்டடத்துக்குள்ளயேவா இருக்கும்?"

டோவரூர் விழுந்து விழுந்து சிரித்தார். "அடி அசடே! பத்துல ஒண்ணு இருந்தாலே பெரிசு. மிச்சமெல்லாம் கடனா வெளியில ஓடிட்டிருக்கும். உள்ள இருக்குன்னு ஊர் நம்பணும், அவ்வளவுதான்."

"நல்ல ஏற்பாடுதான்" என்றாள். "எனக்கு ஒரு கொக்கோ உலர்த்தி வேணும்னு மூணு வருஷமா கேக்கறேன். ஈரக்கொட்டைய லாரிக்காரன் சொன்ன விலைக்குத் தூக்கிக் கொடுக்கறோம். காய வச்சுக் கொடுத்தா ரெட்டிப்பு."

"வளர்ச்சி வரட்டும், பாக்கலாம்" என்றார் டோவரூர் பெரிய மனசோடு.

சனிக்கிழமை அவர் பேசிய பேச்சில் மாங்காய் உதிராததுதான் பாக்கி.

"ஆறு கினாவா? சிப்பி வச்சிருக்கிறவன் பிழைச்சுக்குவான், இல்லாதவன்?" என்று எப்பினேரி மடக்கினார்.

"இல்லாதவன் சம்பாதிக்கட்டும்! அதுக்குப் பேருதான் வளர்ச்சி!"

பெண்கள் வரிசையில் அத்தனை கையும் ஒரேயடியாக உயர்ந்தது. இத்தனை பெண்களுக்குப் பொருளாதாரம் புரிகிறதே என்று டோவரூருக்குக் கண் கலங்கிவிட்டது. தீர்மானம் நிறைவேறியது.

ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தார். கதவைச் சாத்தினார். சக்கரத்தை இறக்கி, கத்தியால் தையலை அறுத்தார். ஓலை விரிந்தது.

உள்ளே ஒரு லாரி டயர்.

டோவரூர் டயரைத் தட்டிப் பார்த்தார். இந்த டயருக்கா இத்தனை நாள் விருந்தாளிகளைக் கூட்டிவந்து காட்டினோம்!

"பிரிச்சிட்டீங்களா?" வாசலில் இயாலில். "யாராவது செத்தாங்களா என்ன?"

"அடிப் பாவி! சிப்பி எங்கடி?"

"நடந்துட்டிருக்கு. நீங்க மோர்ஸ்பியில கிழிஞ்ச நோட்டு பொறுக்கிட்டிருந்தப்போ இங்க கொக்கோவுல புழு விழுந்து மரமெல்லாம் போச்சு. முப்பத்தோரு பொம்பளைங்க புதுக் கொக்கோக் கன்னு வாங்கக் கையில காசில்லாம நின்னாங்க. கடனாக் கொடுத்தேன், பத்துக்கு ஒண்ணு வட்டி. இப்ப அத்தனை மரமும் காய்ச்சிருக்கு. சந்தையிலயும் சிப்பி அவங்க கையிலதான் புரளுது."

"டயர வச்சு ஊரை ஏமாத்திட்டியே!"

"உள்ள இருக்குன்னு ஊர் நம்பினா போதும்னு நீங்கதானே சொன்னீங்க?"

டோவரூர் டயருக்குள் கையை விட்டுத் துழாவினார். ஒரு சிப்பிகூட ஒட்டிக்கொண்டிருக்கவில்லை.

"இனிமே தலைவரிக்குச் சிப்பி வேணும்னா ஊர் ஆம்பளைங்க எங்ககிட்டத்தான் வாங்கணும், பாகம் ஆறு கினா. இப்பவே மாமரத்தடியில வரிசை நிக்குது. திங்கக்கிழமை உலர்த்திக்குத் தகரம் வந்து இறங்குது. எல்லாம் உங்க புண்ணியம்!" அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். டோவரூருக்கே ஒரு நிமிஷம் பெருமையாக இருந்தது, மோட்டார் ஞாபகம் வரும்வரை.

வெளியே எப்பினேரியின் குரல் கேட்டது. "தீர்மானம் கொண்டுவந்தவரே முதல் வரி கட்டினா மரியாதையா இருக்கும்! நோட்டு செல்லாது, சிப்பிதான்!"

டோவரூர் மனைவியைப் பார்த்தார். "ஒரு அஞ்சு பாகம் கொடேன்."

"தர்றேன். பத்துக்கு ஒண்ணு வட்டி."

"கட்டின புருஷனுக்குமாடி?"

"ஊருக்கு ஒரு வட்டி, வீட்டுக்கு ஒரு வட்டின்னு வச்சா பேங்கை யார் நம்புவாங்க?"

சிப்பியை வாங்கி ஜன்னல் வழியாகவே வரி கட்டினார். கதவைத் திறக்க முடியுமா? டயர் நடுவீட்டில் கிடக்கிறது. அவசரமாக ஓலையைச் சுற்றி, ஊசி தேடி எடுத்துத் தைக்க உட்கார்ந்தார். தைக்கத் தைக்கப் புதுக் கவலை ஒன்று வந்து சேர்ந்தது.

"இயாலில், நான் செத்தா ஊரே கூடுமே. எதை வெட்டிப் பங்கு போடுவ?"

"கடனெல்லாம் திரும்பி வந்தா பத்து வருஷத்துல நிஜச் சக்கரமே ரெண்டு தொங்கும்" என்றாள் அவள், நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டே. "அதுவரைக்கும் சாகாம இருங்க. உங்களுக்கு இந்த வீட்டுல வேற வேலையே கிடையாது."