தோல்வியே காணாதவர் தேவை

ஹாக்கி அணி ஒன்று தொடர்ந்து பதினான்கு ஆட்டங்களில் தோற்றால், பொறுப்பு யார் என்று ஆராய ஐவர் குழு கூடுவது நியாயம்தான். கூடினார்கள். பொறுப்பு குழுவுக்கு இல்லை என்று ஏகமனதாகத் தீர்மானித்துவிட்டு, தலைமைப் பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பினார்கள். கடிதம் எழுதியவர் குழுவின் செயலாளர். "தங்கள் சேவைக்குத் தலைவணங்கி, தங்களைச் சேவையிலிருந்து விடுவிக்கிறோம்" என்ற வரி அவருக்கே பிடித்துப்போய், மனைவியிடம் இரண்டு தரம் படித்துக் காட்டினார்.

மீதி ஆறு ஆட்டம். ஒன்றிலாவது ஜெயிக்காவிட்டால் லீக்கிலிருந்து அணியை நீக்கிவிடுவார்கள். அணி போனால் செயலாளரின் பத்தொன்பது வருஷ வேலையும் போகும். வேறு வேலை எதுவும் அவருக்குத் தெரியாது. இந்த வேலையும் தெரியாது என்று அவரே சில சமயம் சந்தேகப்பட்டதுண்டு.

புதியவருக்கு என்ன தகுதி வேண்டும் என்று கேட்டதற்குத் தலைவர், "தோத்தவன் மட்டும் வேண்டாம்யா" என்றார். செயலாளர் ராத்தூக்கம் கெட்டு அதை வாக்கியமாக்கினார்: "விண்ணப்பதாரர் பயிற்சியாளராக இருந்து, எக்காலத்தும், எவ்வணியிடத்தும் ஓர் ஆட்டத்திலும் தோல்வியுற்றிருக்கலாகாது." குழு கைதட்டியது. அவருக்குக் கண் கலங்கியது.

நாற்பத்திரண்டு பேர் வந்தார்கள். அதில் ஒரு மீசைக்காரர் மூன்று கோப்பை வென்றவர். அணியின் பழைய ஆட்டத்தை வீடியோவில் பத்து நிமிஷம் பார்த்தார்.

"உங்க பசங்க நல்லாத்தான் ஓடுறாங்க சார். பந்தைத்தான் ஒருத்தனுக்கொருத்தன் குடுக்க மாட்டேங்கறாங்க. ஒரு வாரத்துல சரி பண்ணிடலாம்."

செயலாளருக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல இருந்தது. ஆனாலும் படிவம் படிவம்தானே.

"நீங்க எப்பவாவது தோத்திருக்கீங்களா?"

"தோக்காம யாராவது கோப்பை வாங்குவாங்களா சார்? அறுபது ஆட்டமாவது தோத்திருப்பேன்."

"அறுபதா!" செயலாளர் பேனாவை மூடினார்.

அன்று சாப்பிடும்போது மனைவி, "அந்த ஒரு வரியை அடிச்சிட்டா உங்க கை ஒடிஞ்சா போயிடும்?" என்றாள்.

"குழு ஒப்புதல் ஆயிடுச்சும்மா."

பொய். அடிக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான். பெற்ற பிள்ளையைக்கூட அவர் அப்படிப் பார்த்துப் பார்த்து ரசித்ததில்லை.

நாற்பத்திரண்டு பேரும் தோற்றவர்கள். அப்படியானால் தோற்காதவர் யார்? ஒரு நாளும் பயிற்சி கொடுக்காதவர்தான். அந்தத் தகுதி குழுவின் ஐந்து பேருக்கும் அப்பழுக்கில்லாமல் இருந்தது!

முதலில் தலைவர் விசிலும் கையுமாக இறங்கினார். ஏழு கோல் வாங்கினார். ஒருமுறை தோற்றதால் விதிப்படி தகுதி இழந்தார். அடுத்து குழுவிலிருந்த டாக்டர், ஆட்டத்துக்கு முன் எல்லோரையும் கண்ணை மூடி மூச்சை எண்ணச் சொன்னார். அதுதான் இப்போது ஃபேஷனாம். கோல்கீப்பர் கண்ணைத் திறப்பதற்குள் இரண்டு கோல். வக்கீல் மடிக்கணினியில் வண்ண வண்ணமாக வரைபடம் காட்டினார். பொருளாளர் கடவுளை நம்பினார். நான்கு வாரத்தில் நான்கு தகுதிகள் காலி.

ஐந்தாவது ஆட்டத்துக்குச் செயலாளரே கோடு ஓரம் வந்து நின்றார். எதிரணிப் பெஞ்சில் புதுக் கோச்சாக மீசைக்காரர்.

"சார், நாங்க என்ன பண்ணணும்?" என்று கேப்டன் கேட்டான்.

செயலாளர் தொண்டையைக் கனைத்தார். "பந்தை... உரியவரிடம் உரிய நேரத்தில் ஒப்படைக்கவும்."

பையன்கள் உடனே ஒப்படைத்தார்கள், எதிரணியிடம். ஒன்பது கோல்.

கேலரியில் ஒருவர் எழுந்து நின்று கத்தினார். "இவனெல்லாம் ஒரு கோச்சா! நான் நின்னா இதைவிட நல்லா நடத்துவேன்!"

செயலாளருக்கு அவமானத்தில் காது சிவந்தது. இன்னும் ஒரே ஆட்டம், ஒரே ஒரு வாரம். தகுதியுள்ளவர் என்று குழுவில் இனி ஒருவரும் இல்லை. சட்டென்று ஏதோ தோன்ற, குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு படியேறினார்.

"ஐயா, நீங்க எந்த அணிக்காவது கோச்சா இருந்து தோத்ததுண்டா?"

"நானா? ஹாக்கி மட்டையைத் தொட்டதே கிடையாது!"

செயலாளர் பரவசத்தோடு பேனாவைத் திறந்தார். "பேர் சொல்லுங்க."

"அவரை மட்டும் எதுக்கு எழுதறீங்க?" என்று பின்வரிசைக்காரர் சண்டைக்கு வந்தார். "நானுந்தான் தொட்டதில்லை!" அவருக்குப் பின்னால் இன்னொருவர். அடித்துப் பிடித்துக்கொண்டு வரிசை வாசல்வரை நீண்டது. மூவாயிரம் பேர், அத்தனை பேரும் தகுதியானவர்கள்.