மருமகள் வண்டிக்கு நான் வாங்கிய டயர்

கொல்கத்தா - 29,
லேக் மார்க்கெட்.

சாத்தூரில் இருக்கும் மதிப்பிற்குரிய சம்பந்தி ஜெயராமன் அவர்களுக்கு, முத்துகிருஷ்ணன் பணிவோடு வணங்கி எழுதுவது. இங்கே நானும் கிருஷ்ணம்மாளும் உங்கள் மாப்பிள்ளை கௌஷிக்கும் சௌக்கியம். மாதங்கியும் சௌக்கியம். அவள் பெயரைத் தனி வாக்கியத்தில் எழுதியதைப் பார்த்துப் பதற வேண்டாம். உங்கள் மகள் இந்த நிமிடம் என் எதிரில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முருங்கைக்காயைப் பிடித்து நார் உரித்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு கையும் நன்றாக வேலை செய்கின்றன. அங்கே உங்களுக்கும் சம்பந்தியம்மாவுக்கும் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

ஃபோனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். ஃபோனில் நான் ஒரு வரி சொன்னதும் நீங்கள் "என்னது?" என்பீர்கள், எனக்கு நாக்கு குழறும், மிச்சத்தை கிருஷ்ணம்மாள் பிடுங்கிச் சொல்வாள், அவள் சொன்னால் உள்ளதைவிட இரண்டு பங்கு பெரிதாக இருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். கல்யாண மண்டபத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சம்பந்தி, நகை நட்டெல்லாம் உங்க இஷ்டம். அவ பைக் ஓட்டுறத மட்டும் நிறுத்தச் சொல்லிராதீங்க" என்றீர்கள். நானும் சரி என்றேன். அந்த வாக்கில் டயரும் அடக்கம் என்று எனக்கு அப்போது தெரியாது.

மாதங்கி வேலை பார்க்கும் தொழிற்சாலை உலுபேரியாவைத் தாண்டி ஹைவே மேலேயே இருப்பது உங்களுக்குத் தெரியும். ரெண்டாவது ஹூக்ளி பாலம் ஏறி இறங்கி, கோனா எக்ஸ்பிரஸ்வே பிடித்து, சாந்த்ராகாச்சி தாண்டி, லாரிகளுக்கு நடுவில் போக நாற்பது கிலோமீட்டர், வர நாற்பது. பத்து மாதத்தில் பின் டயர் நடுவில் சப்பையாகத் தேய்ந்து தோசைக்கல் போல ஆகிவிட்டது. எங்கள் சந்து மெக்கானிக் தபன் பார்த்துவிட்டு, "மேஷோமஷாய், பௌமாவுக்கு உடனே டயர் மாத்துங்க" என்றார். மேஷோமஷாய் என்றால் சித்தப்பா மாதிரி, பௌமா என்றால் மருமகள். தெருவே அவளை அப்படித்தான் கூப்பிடுகிறது. நான் கௌஷிக்கிடம் சொன்னேன். அவன் ஆபீஸில் செய்வது போலவே கம்ப்யூட்டரில் கட்டம் போட்டு பதினாலு டயர்களை அடுக்கி, "ரிவ்யூ எல்லாம் படிச்சிட்டு ஃபைனல் பண்றேன்ப்பா" என்றான். மூன்று வாரமாகப் படித்தான். ஐ.ஏ.எஸ்ஸுக்குப் படித்திருந்தால் முதல் கட்டமாவது தாண்டியிருப்பான். மழை வேறு தொடங்கிவிட்டது. சரி, இனி நாமே இறங்க வேண்டியதுதான் என்று குடையை எடுத்தேன்.

சம்பந்தி, நான் முப்பத்தோரு வருஷமாக மளிகைக்காரன். எனக்குத் தெரிந்தது பழைய அரிசி, பழைய புளி. நாள்பட நாள்பட மதிப்பு கூடும் சரக்கைப் பார்த்தே பழகிய கண். டாலிகஞ்சில் ஒரு டயர் கடையை மூடப்போவதாகக் கேள்விப்பட்டுப் போனேன். நெடுநாள் உழைக்கிற டயர் வேண்டும் என்றேன். அந்த மனுஷன் பரணிலிருந்து ஒன்றை இறக்கித் தூசி தட்டி, "இதைப் பாருங்க, எத்தனை வருஷமா இங்கேயே இருக்கு, ஒரு கீறல் உண்டா?" என்று இந்தியில் கேட்டார். இல்லை. புது டயரில் குட்டி குட்டி ரப்பர் முடி நீட்டிக்கொண்டிருக்குமே, அதுகூட உதிரவில்லை. என் தலையில் உள்ளதைவிட அதில் அதிகம். இத்தனை வருஷம் தேயாத டயர் இன்னும் எத்தனை வருஷம் தேயாமல் இருக்கும் என்று கணக்குப் போட்டு, மழையில் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் டயருக்கும் டிக்கெட் கேட்டார். தபன் அதை மாட்டும்போது நகத்தால் தட்டிப் பார்த்து, "ஷொக்தோ, மேஷோமஷாய், கூப் ஷொக்தோ" என்று முகத்தைச் சுளித்தார். ரொம்பக் கடினம் என்று அர்த்தம். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அவருக்கு ஒரு பாக்கெட் முறுக்கு கொடுத்தேன்.

இனிமேல் எழுதுவதை உட்கார்ந்துகொண்டு படியுங்கள். அடுத்த வியாழக்கிழமை மாதங்கி முழங்கையில் கட்டோடு வந்தாள். "ஆபீஸ் படிக்கட்டுல வழுக்கிட்டேன் அத்தை, ஒண்ணுமில்ல" என்றாள். கிருஷ்ணம்மாள் அந்த ஆபீஸையும் படிக்கட்டையும் அதைக் கட்டிய கொத்தனாரையும் சேர்த்துத் திட்டினாள். மறுநாள் காலை மழைத்தண்ணீரைத் துடைக்கலாம் என்று வண்டியருகே போனேன். இடது பக்கம் கால் வைக்கும் கம்பி வளைந்திருக்கிறது, கைப்பிடி முனை சிராய்ந்திருக்கிறது. ஆபீஸ் படிக்கட்டில் அவள் வழுக்கினால் வெளியே நிற்கும் வண்டிக்கு ஏன் அடிபடுகிறது? மாடிக்கு வந்து கேட்டேன்.

"சாந்த்ராகாச்சி கிட்ட தூறல் மாமா. முன்னாடி லாரிக்காரன் பிரேக் போட்டான், நானும் போட்டேன். பின் டயர் பிடிக்கல, சறுக்கிருச்சு. மெதுவாத்தான் போனேன். ஜாக்கெட் போட்டிருந்தேன், ஹெல்மெட் இருந்துச்சு."

"புது டயராச்சேம்மா, எப்படிச் சறுக்கும்?"

என்னைக் கீழே கூட்டிக்கொண்டு போனாள். டயரின் பக்கவாட்டில் ஒரு சின்ன நீள்வட்டம், அதற்குள் நாலு எண். "முதல் ரெண்டும் எத்தனாவது வாரம், அடுத்த ரெண்டும் வருஷம். விழுந்து எந்திரிச்சப்பதான் நானே பாத்தேன்" என்றாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். எட்டு வருஷத்துக்கு முந்தைய டயர். கௌஷிக் அப்போது காலேஜில் அரியர் எழுதிக்கொண்டிருந்தான். ரப்பர் கிடந்தால் புளியாகாதாம் சம்பந்தி, கல்லாகுமாம். தேயாது, ஆனால் ரோட்டையும் பிடிக்காது. தபன் முகத்தைச் சுளித்தது அப்போதுதான் விளங்கியது.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?" என்றேன்.

"மழையில நனைஞ்சு தோள்ல தூக்கிட்டு வந்தீங்க மாமா. எப்படிச் சொல்றது? ஞாயித்துக்கிழமை சத்தமில்லாம மாத்திரலாம்னு இருந்தேன்."

அந்த வண்டியின் சீட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்து நான் செய்ததையும் மறைக்கவில்லை. கிருஷ்ணம்மாள், "ஏங்க, அடுத்தவங்க பெத்த புள்ள. இனிமே அவ பைக்கத் தொடக்கூடாது, சொல்லிப்புட்டேன்" என்று அழுதாள். நேருக்கு நேர் சொல்லத் தைரியம் இல்லாமல், திங்கட்கிழமை விடியும் முன் வண்டிச் சாவியை எடுத்துக் கடையில் பெருங்காய டப்பாவுக்குள் போட்டுவிட்டேன். மாதங்கி சாவி மாட்டும் ஆணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். காளிகாட்டில் மெட்ரோ ஏறி, மாறி ஹவுரா, அங்கிருந்து லோக்கல் ரயில், உலுபேரியாவில் டோட்டோ என்கிற பேட்டரி ரிக்ஷா, மிச்சம் நடை என்று போனாள். திரும்பி வந்தபோது கிருஷ்ணம்மாளின் சீரியல் இரண்டும் முடிந்திருந்தன. சாதத்தில் ரசம் ஊற்றுவதற்குள் அப்படியே தூங்கிவிட்டாள். கிருஷ்ணம்மாள் தட்டை எடுத்துவிட்டு, தன் மடியில் அவள் தலையை வைத்துக்கொண்டு முடியைக் கோதிவிட்டாள்.

மறுநாள் நம் பக்கத்து லாரி டிரைவர் சூசைராஜ் கடைக்கு வந்தார். தூத்துக்குடியிலிருந்து மாதம் ஒருமுறை சரக்கோடு வருபவர். பெருங்காயம் கேட்டார். நான் ஏதோ யோசனையில் டப்பாவை அப்படியே நீட்டிவிட்டேன். "என்ன அண்ணாச்சி, பெருங்காயத்துல சாவி கெடக்கு?" என்றார். பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டவரிடம் மறைத்து என்ன? எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "டயர்னா தேயத்தான் அண்ணாச்சி செய்யும். அது தேயலன்னா ஓட்டுறவன் தேயணும்" என்றார். பிறகு முக்கால் மணி நேரம் பாடம் நடந்தது. ஹைவேயில் நேராகவே ஓடுவதால் நடுப்பகுதிதான் தேயும். அதனால் நடுவில் கொஞ்சம் கெட்டியும் இரண்டு ஓரத்தில் மெத்தென்றும் இருக்கிற டயராகப் பார்க்க வேண்டும். தண்ணீர் ஓட ஆழமான பள்ளம் வேண்டும். வண்டிப் புத்தகத்தில் உள்ள அளவை ஒரு எண்கூட மாற்றக் கூடாது. ஆறு மாதத்துக்குள் செய்ததாக இருக்க வேண்டும். வாரா வாரம் வண்டி எடுக்கும் முன் காற்று பார்க்க வேண்டும். "காத்து சரியா இருந்தா பாதி டயர் மிச்சம்" என்றார். கடையில் இருந்த வாடிக்கையாளர் மூன்று பேரும் குறித்துக்கொண்டார்கள். அதில் ஒருவரிடம் சைக்கிள்கூடக் கிடையாது.

அன்று சாயந்தரம் சாவியைக் கொண்டுபோய் மாதங்கி கையில் கொடுத்தேன். மோந்து பார்த்துவிட்டு, "சாம்பார் வாசனை அடிக்குது மாமா" என்றாள். அழுகையா சிரிப்பா என்று தெரியாத முகம். மறுநாள் அவள் லீவு போட்டாள், இருவரும் பவானிபூரில் ஒரு கடைக்குப் போனோம். இந்த முறை நான் வாயே திறக்கவில்லை. பூதக்கண்ணாடியை மட்டும் கொண்டுபோனேன். அவள் எடுத்த டயரில் அந்த நாலு எண்ணைப் படித்து, வாரத்தையும் வருஷத்தையும் உரக்கச் சொன்னேன். ஒன்பது வாரம் ஆன குழந்தை. கடைக்காரர் என்னை ஏதோ இன்ஸ்பெக்டர் என்று நினைத்து டீ வாங்கிக் கொடுத்தார். தபன் மாட்டினார், நகத்தால் அழுத்திப் பார்த்தார், தலையை ஆட்டினார். வளைந்த கம்பியையும் நிமிர்த்திக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அறுபத்துநாலு வயதில், ஹெல்மெட் போட்டுக்கொண்டு நான் அவள் பின்னால் ஏறினேன். கிருஷ்ணம்மாள் காளிக்கும் நம் ஊர் மாரியம்மனுக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டாள். பாலத்தின் மேல் ஏறும்போது கண்ணை மூடிக்கொண்டேன். எக்ஸ்பிரஸ்வேயில் திறந்தேன். ஒவ்வொரு லாரியும் ஒரு வீடே நகர்வது போலப் போகிறது. இந்தப் பெண் ஒவ்வொன்றுக்கும் தூரம் விட்டு, கண்ணாடி பார்த்து, கை காட்டி, பதறாமல் போகிறாள். விழுந்த இடத்தில் கொஞ்சம் வேகம் குறைத்தாள். எனக்குக் காட்டவில்லை, நானாகப் புரிந்துகொண்டேன். தொழிற்சாலை வாசலில் காவலாளி எழுந்து சல்யூட் அடித்தார். உள்ளே நாற்பது பேருக்கு அவள்தான் மேலாளராம். வீட்டில் சொன்னதே இல்லை. தினம் இந்த வழியில் வந்து, வேலையும் பார்த்து, திரும்பி வந்து என்னிடம் "மாமா, காபி குடிச்சீங்களா?" என்று கேட்கிறவளின் சாவியை நான் பெருங்காயத்தில் போட்டேன்.

தப்பு என்னுடையது, சம்பந்தி. வாக்குக் கொடுத்தவன் நான், டயர் வாங்கியவனும் நான். நீங்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். வண்டியை மட்டும் நிறுத்தச் சொல்லாதீர்கள்.

சம்பந்தியம்மாவுக்கு கிருஷ்ணம்மாளின் அன்பைச் சொல்லுங்கள். உங்கள் இருவர் ஆசியும் பிள்ளைகளுக்கு எப்போதும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்து,
முத்துகிருஷ்ணன்.

பின்குறிப்பு: உறையில் எழுத உங்கள் பின்கோடு கேட்டேன். மாதங்கி, "அப்பாவுக்கு எதுக்கு மாமா லெட்டர்?" என்று வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு முருங்கைக்காயைக் கீழே வைத்தாள். விழுந்து எழுந்த உடனே, சாந்த்ராகாச்சி ரோட்டோரத்தில் நின்றுகொண்டு அவள் முதலில் ஃபோன் செய்தது உங்களுக்காமே! டயர் வருஷம் முதற்கொண்டு எல்லாம் சொல்லிவிட்டாளாமே! நீங்கள்தான், "மாமாட்ட மூச்சு விட்ராதம்மா, மனசு ஒடஞ்சிருவாரு" என்று சொன்னீர்களாமே! மூன்று நாளாக நாலு கடிதம் எழுதிக் கிழித்து இது ஐந்தாவது, சம்பந்தி. இருந்தாலும் எழுதியாகிவிட்டது, ஸ்டாம்பும் ஒட்டியாகிவிட்டது. தயவுசெய்து எல்லாவற்றையும் இப்போதுதான் கேள்விப்படுவதுபோல் வைத்துக்கொண்டு, எனக்கு ஃபோன் போட்டு ஒரு தடவை நன்றாகத் திட்டிவிடுங்கள். உங்கள் வாயால் திட்டு வாங்காமல் எனக்குச் சோறு இறங்காது.